கொடைக்கானல் நாட்குறிப்பு: மேகம் ஏறுவதற்குள்

ஏப்ரல் 18

விடுமுறைக் கூட்டம் தொடங்கிவிட்டது. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, இ-பாஸை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்த நடைமுறை இது. சோதனைச்சாவடியில் நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தால் பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குப் பாஸ் வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் போதும். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி.

ஏப்ரல் 19

வருகிறவர்களில் பாதிப்பேர் நாளைத் தலைகீழாகப் போடுகிறார்கள். ஒன்பது மணிக்கு டிபன், பிறகு படகு, உச்சிவேளையில் பில்லர் ராக்ஸ். அங்கே போனால் எதிரே வெறும் வெள்ளை. 122 மீட்டர் உயர மூன்று பாறைத் தூண்களில் ஒன்றுகூடத் தெரியாது.

காரணம் எளிது. இங்குள்ள பெரிய காட்சிகள் பலவும் மலையின் தெற்கு விளிம்பில் இருக்கின்றன. கீழே பெரியகுளம் பக்கம் வெயில் ஏற ஏற, சூடான காற்று பாறைச்சுவரை ஒட்டி மேலே வந்து, குளிர்ந்து, மேகமாகிவிடும். பத்து மணிக்கு மேல் எந்த நேரமும் மூடலாம். ஆகவே விளிம்பு முதலில், ஏரி பிறகு. மூடிய பிறகு போய்ச் சேர்ந்தாலும் உடனே திரும்பிவிடாதீர்கள். மேகம் திட்டுத்திட்டாகத்தான் வரும். கால் மணி நேரம் கம்பி ஓரம் நின்றால் நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கும்.

அதே சாலையில் அடுத்து குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட். வன அதிகாரி பிரையண்ட் 1906இல் நடத் தொடங்கிய பைன் காட்டுக்கு மேகம் வந்தால் இன்னும் அழகு. அதைக் கடைசிக்கு வைத்தாலும் நஷ்டமில்லை. உதிர்ந்த ஊசியிலை வழுக்கும், செருப்பு வேண்டாம்.

1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடமும் காலைப்பொழுதைத்தான் நம்புகிறது. வெயில் ஏறினால் காற்று கலங்கி, சூரியனின் பிம்பம் நடுங்கும். கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டது இங்கேதான்.

ஏப்ரல் 21

டால்பின் நோஸ், பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. வட்டக்கானலில் வண்டி நிறுத்த இடம் குறைவு, விடிந்ததும் போய்விடுங்கள். பாதை முழுக்க மரவேர்களே படிக்கட்டு. மழை பெய்தால் வேரின் மேல்தோல் சோப்புப் போல வழுக்கும். வேரின் மேல் கால் வைக்காமல், இரண்டு வேருக்கு நடுவே உள்ள மண்ணில் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இங்கே இழுத்து வராதீர்கள். பாறை நுனியில் செல்ஃபி எடுப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது, தயவுசெய்து வேண்டாம்.

ஏப்ரல் 22

மதியத்துக்கு ஏரி. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உருவாக்கியது, 24 ஹெக்டேர், சுற்றிவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வாடகை சைக்கிளை எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுவது இந்த ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான். ஊரைக் கடந்து வருகிறது. பார்ப்பதோடு நிறுத்துங்கள், குளிக்கவோ குடிக்கவோ வேண்டாம்.

ஏப்ரல் 25

கோக்கர்ஸ் வாக் மட்டும் மாலையிலும் கைவிடாது. 1872இல் போட்ட, சுமார் ஒரு கிலோமீட்டர் நடைபாதை. முதுகுக்குப் பின்னால் சூரியன் தாழ்ந்து, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்திருந்தால், உங்கள் நிழல் அந்த மேகத்தின் மேல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றி மட்டுமே வளையம் தெரியும். அபூர்வம்தான், ஆனால் மேகத்தைத் திட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டால் அதுவும் கிடைக்காது.

ஏப்ரல் 27

இன்னொரு நாள் இருந்தால் பூம்பாறை. படிப்படியான வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. பூண்டை ஈரமில்லாமல் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஈரப்பூண்டைப் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

வத்தலக்குண்டு இறக்கத்தில் ஏறிய அதே கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி, ஆறும்வரை நிறுத்தி வையுங்கள். சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.