வெர்ச்செல்லி: அந்திரேயா ஆலயமும் வெள்ளைச் சட்டைகளும்

ரோமுக்கு நடந்தே போகிற பழைய யாத்திரைப் பாதையில், வட இத்தாலியின் பியமோன்தே சமவெளியில் இருக்கிறது வெர்ச்செல்லி. கான்டர்பரி பேராயர் சிகெரிக் 990-ஆம் ஆண்டு ரோமிலிருந்து ஊர் திரும்பியபோது, வழியில் தங்கிய இடங்களை எழுதி வைத்தார். அந்தப் பட்டியலில் இந்த ஊரும் உண்டு. அதே தடத்தை இன்று 'வியா பிரான்சிஜெனா' என்கிறார்கள். நான் போனது ஆலய தரிசனத்துக்காக. ஆனால் அங்கே போய்விட்டு ஆலயத்தைப் பற்றி மட்டும் எழுதினால் அந்த ஊருக்குத் துரோகம் செய்ததாகிவிடும். ஏழு முறை இத்தாலியின் சாம்பியனாகி, இப்போது மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருக்கும் ப்ரோ வெர்ச்செல்லி என்ற கால்பந்துக் கழகத்தின் மேல் அந்த மக்கள் வைத்திருப்பதையும் பக்தி என்றுதான் சொல்வேன்.

சாந்தியா என்ற சிற்றூரிலிருந்து ஒரு நாள் நடை. ஏப்ரல் மாதக் கடைசி. வயலுக்குத் தண்ணீர் விடுகிற காலம். வரப்பும் வாய்க்காலுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர், நடுநடுவே கொக்குகள், வடக்கே மோன்தே ரோசாவின் பனிமுடி. ஐரோப்பாவில் அரிசிக்குப் பேர்போன மண் இது. 1863-க்கும் 1866-க்கும் இடையே வெட்டிய கவூர் கால்வாய்தான் போ நதியின் தண்ணீரை இந்த வயல்களுக்குக் கொண்டுவருகிறது. முழங்கால் தண்ணீரில் குனிந்து களை பறித்த பெண்கள் போராடி, 1906-இல் எட்டு மணி நேர வேலையைப் பெற்றதும் இங்கேதான். அந்த வரப்புகளின் ஓரமாகச் செபமாலையை உருட்டிக்கொண்டு நடப்பது தனி சுகம்.

ஊருக்குள் நுழைந்ததும் புனித அந்திரேயா பேராலயம். கர்தினால் குவாலா பிக்கியேரி 1219-இல் தொடங்கி வைத்தார். எட்டே ஆண்டுகளில் முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் பாப்பரசரின் தூதராக இருந்தவர் அவர். சிறுவயது மன்னர் மூன்றாம் ஹென்றி கொடுத்த செஸ்டர்டன் ஆலயத்தின் வருமானம் இந்தக் கட்டுமானத்துக்கு வந்தது. இத்தாலியில் கோதிக் பாணியைத் தொட்ட முதல் ஆலயங்களில் இதுவும் ஒன்று. இடது வாசலுக்கு மேலே உள்ள அரைவட்டச் சிற்பத்தை நின்று பாருங்கள். குவாலா தான் கட்டிய ஆலயத்தைச் சின்னதாகக் கையில் ஏந்தி, அந்திரேயாவிடம் காணிக்கையாக நீட்டுகிறார். நடு வாசலின் மேலே அந்திரேயாவின் வேதசாட்சி மரணம். உள்ளே போனால் வெள்ளைச் சுவர், அதன்மேல் செங்கல் நிற விலா வளைவுகள். அன்று கூட்டமே இல்லை. நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தேன்.

மறைமாவட்டப் பேராலயம் புனித யூசேபியஸின் பெயரில் உள்ளது. நான்காம் நூற்றாண்டில் இந்த ஊரின் முதல் ஆயராக இருந்தவர். தம் குருக்களோடு துறவியரைப் போல ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர். ஆயிரமாவது ஆண்டையொட்டிச் செய்த பெரிய வெள்ளித் திருச்சிலுவை இங்கே இருக்கிறது. அதன் முன் நின்றால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இனி அந்த இன்னொரு பக்திக்கு வருகிறேன்.

1892-இல் உடற்பயிற்சிச் சங்கமாகத் தொடங்கியது ப்ரோ வெர்ச்செல்லி. 1903-இல் மார்ச்செல்லோ பெர்த்தினெத்தி என்ற வாள்வீச்சு வீரர் அதில் கால்பந்தைச் சேர்த்தார். மருத்துவரான அவர் பின்னாளில் வாள்வீச்சில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் வென்றார். அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் ஓடி ஓடிக் களைக்காத தேகம். 1908-இல் முதல் பட்டம். பிறகு 1909, 1911, 1912, 1913, 1921, 1922. மிலானும் தூரினும் ஜெனோவாவும் பார்த்துக்கொண்டிருக்க, நெல் விளைகிற ஒரு சிறிய ஊர் இத்தனையும் வென்றது. 1913 மே 1 அன்று பெல்ஜியத்தை எதிர்த்து இறங்கிய இத்தாலி அணியின் பதினொருவரில் ஒன்பது பேர் இந்தக் கழகத்தார்.

பட்டியலில் 1910 இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் இந்தக் கழகத்தின் ஆன்மா அந்த ஆண்டில்தான் இருக்கிறது. அந்தப் பருவம் முடிந்தபோது ப்ரோவும் இன்டர் மிலானும் சமபுள்ளியில் நின்றன. பட்டத்தைத் தீர்மானிக்க ஒரு ஆட்டம், ஏப்ரல் 24 அன்று வெர்ச்செல்லியில். ப்ரோவின் வீரர்கள் சிலர் அன்றைக்கு ராணுவப் போட்டி ஒன்றில் ஆடவேண்டியிருந்தது. தேதியை மாற்றக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதற்குக் கழகம் என்ன செய்தது தெரியுமா? மற்ற வீரர்கள் இருந்தும் யாரையும் இறக்கவில்லை. எதிர்ப்பைக் காட்ட, பதினைந்து வயதைத் தாண்டாத பிள்ளைகளுக்குக் கழகத்தின் வெள்ளைச் சட்டையைப் போட்டு மைதானத்துக்கு அனுப்பியது. பிள்ளைகள் மூன்று கோல் அடித்தார்கள். வாங்கியது அதைப்போல் மும்மடங்குக்கு மேல். பட்டம் போயிற்று. கழகத்தின் வீரர்கள் ஆடக்கூடாது என்று தண்டனையும் வந்தது. அதனால் மே 15 அன்று இத்தாலி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியபோது, நாட்டின் மிகச் சிறந்த வீரர்கள் அணியில் இல்லை. அடுத்த மூன்று ஆண்டுகளும் பட்டம் வெர்ச்செல்லிக்கே திரும்பி வந்தது. நியாயம் என்று ஒன்றைப் பற்றிக்கொண்டு கிரீடத்தைக் கைவிட்ட அந்தப் பிடிவாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிறகு பணம் வந்தது. 1923-இல் ஊரின் பிள்ளை விர்ஜீனியோ ரொசெத்தா யுவெண்டஸுக்குப் போனார். நாடே அதைப் பற்றிப் பேசியது; அந்த மாற்றம் விதிப்படி நடக்கவில்லை என்று, அவர் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள் யுவெண்டஸிடமிருந்து பறிக்கப்பட்டன. ஆனாலும் பணத்துக்கு வீரர்களை வாங்கும் கதவு திறந்துவிட்டது. கடைசிப் பெரிய கொடை சில்வியோ பியோலா. பதினாறு வயதில் வெள்ளைச் சட்டை போட்டவர், 1933-இல் ஃபியோரென்தினாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் அடித்தார். மறு ஆண்டே லாசியோவுக்குப் போய்விட்டார். 1938 உலகக் கோப்பை இறுதியில் இரண்டு கோல் அடித்த அதே பியோலா. அவர் போன மறு ஆண்டு, 1935-இல், முதல் பிரிவிலிருந்து இறங்கிய ப்ரோ இன்றுவரை அங்கே திரும்பவில்லை.

ஞாயிறு திருப்பலி முடிந்து, பியோலாவின் பெயர் தாங்கிய மைதானத்துக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிய ஒரு பாட்டி. காகிதப் பையிலிருந்து பிச்சொலானி பிஸ்கட்டை எடுத்து, கேட்காமலே என் கையில் வைத்தார். பட்டையும் கிராம்பும் மணக்கிற உள்ளூர்ப் பண்டம். ஆட்டம் தொடங்குமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஒரு தடுப்பாட்டக்காரர் பந்தை விட்டுவிட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "ரொசெத்தா இருந்திருந்தா இந்தப் பந்து தாண்டியிருக்குமா?" என்றார். அவர் பிறப்பதற்கு முன்பே ஊரைவிட்டுப் போனவர் ரொசெத்தா. அப்பா சொல்லிக் கேட்ட கதை. ஊரில் யாரும் கழகத்தின் முழுப்பெயரைச் சொல்வதில்லை. 'லா ப்ரோ', அவ்வளவுதான். "ஜெயிக்கிறப்போ வர்றதுக்கு எல்லாருக்கும் தெரியும், தம்பி. நாங்க மழையிலயும் வருவோம்" என்றார். ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

2010-இல் பழைய கழகம் பணமுடையால் வீழ்ந்தது. அப்போது அதே ஊரில் இருந்த இன்னொரு கழகமான ப்ரோ பெல்வெதெரே, தன் பெயரை விட்டுவிட்டு ப்ரோ வெர்ச்செல்லி என்ற பெயரையும் வெள்ளைச் சட்டையையும் ஏற்றுக்கொண்டது. ஒரு கழகம் தன்னையே கொடுத்து மற்றொன்றின் விளக்கை அணையாமல் காத்திருக்கிறது. இரண்டே ஆண்டில், 2012-இல், 64 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. பிறகு மறுபடி இறக்கம். பாட்டி சொன்ன மழை இதுவாகவும் இருக்கலாம்.

போக விரும்புவோருக்கு: தூரின்–மிலான் ரயில் பாதையில் வெர்ச்செல்லி நிறுத்தம் உண்டு. நிலையத்திலிருந்து வெளியே வந்தாலே அந்திரேயா ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரியும். கால்நடையாக வருவோர்க்கு யாத்திரிகர் விடுதி இருக்கிறது. யாத்திரைச் சீட்டில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். இரவில் அரிசியும் அவரையும் சலாமியும் சேர்த்துச் சமைக்கும் பனிஸ்ஸா சாப்பிடுங்கள். விரத நாளில் வேண்டாம், அதில் பன்றி இறைச்சி உண்டு. ஏப்ரலில் போனால் வயலில் தண்ணீரும் இருக்கும், ப்ரோவின் ஆட்டமும் இருக்கும்.