கவசத்தின் உள்பக்கம்

எங்கள் வீட்டுத் தொழில் டிங்கரிங். நசுங்கிய கார் கதவுகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் (அருங்காட்சியகம்; நுழைவு இலவசம்) குதிரையும் வீரனுமாக நிற்கிற ஜெர்மானியக் கவசத்தைப் பார்த்ததும், இந்த வளைவை எப்படித் தட்டினான் என்றுதான் கேட்கத் தோன்றியது.

1480 வாக்கில் பவேரியாவின் லாண்ட்ஸ்ஹூட்டில் செய்தது. வரிவரியாக ஓடும் மேடுகள் அழகுக்கும் ஆச்சு, மெல்லிய தகட்டுக்கு விறைப்பும் ஆச்சு. கார் பானட்டில் மடிப்பு விடுவதும் இதற்குத்தானே.

முழுப் போர்க்கவசமே பெரும்பாலும் 20–25 கிலோதான். சூட்சுமம் தகட்டின் கனத்தில் இருக்கிறது. மார்பு நடுவில் கனம், விளிம்புக்குப் போகப்போக மெலிவு, முதுகில் இன்னும் மெலிவு. குதிரைமேல் ஈட்டிப் போட்டிக்கான கவசங்களில், அடி வந்து விழும் இடப்பக்கத்துக்குக் கூடுதல் காப்பு. சுத்தியலால் இதைக் கொண்டுவர எத்தனை வருஷக் கைப்பழக்கம் வேண்டும்!

சேகரிப்பவர்கள் சொக்கிப்போவது இங்கேதான். வெளியே தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். உள்ளே சுத்தியல் அடி அப்படியே தெரியும். விவரம் தெரிந்தவர் தலைக்கவசம் கைக்கு வந்ததும் கவிழ்த்துத்தான் பார்ப்பார். ரிவெட் பழசா, தோல்வார் பிற்காலத்ததா? மார்புத் தகடு என்றால் வலப்பக்க ஓட்டைகளைத் தேடுவார். ஈட்டியைத் தாங்கும் கொக்கி பூட்டிய இடம் அது. கனம் எங்கும் ஒரே சீராக இருந்தால் ரோலரில் உருட்டிய பிற்காலத்து ஷீட்டோ என்று சந்தேகம் வரும்.

போலிகளுக்கும் பெரிய வரலாறு உண்டு. 1839இல் ஸ்காட்லாந்தின் எக்லின்டனில் இடைக்காலப் பாணியில் நடந்த வீர விளையாட்டு விழாவுக்குக் கவசம் கொடுத்த லண்டன் வியாபாரி சாமுவேல் பிராட், போலிகளையும் விற்றவர். (அந்த விழா மழையில் நனைந்து சேறானது தனிக்கதை.) அப்புறம் மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ஷ்மிட் பட்டறை. அங்கே செய்த நகல்கள் அவ்வளவு நேர்த்தி. சில பின்னாளில் அசல் என்றே கைமாறின. இப்போது அந்த நகல்களையே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கட்டுமே, நல்ல வேலைதானே.

எனக்குக் கோபம் விக்டோரியா காலத்துச் சேகரிப்பாளர்கள் மேல்தான். கவசம் என்றால் பளபளக்க வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்தே பலவற்றின் பழைய கறுப்பு நிறத்தையும் நீல நிறத்தையும் போக்கிவிட்டார்கள்.

முழுக் கவசம் நமக்குக் கட்டுப்படியாகாது. 'முழு செட்' என்று விலைக்கு வருவதும் பெரும்பாலும் பல செட்டிலிருந்து கோத்ததுதான். விரல் தகடு பாதி உதிர்ந்த ஒற்றைக் கைக்கவசம் கிடைத்தாலே போதும், டார்ச் அடித்து உள்ளே பார்க்க.