வயிற்றால் தண்ணீர் குடிக்கும் தேரை

எங்கள் வீட்டுக் கொல்லையில் குழாயடியில் ஒரு தேரை குடியிருக்கிறது. அம்மாவுக்கு அது சொறித்தவளை. பகலெல்லாம் துவைக்கிற கல்லுக்கு அடியில் கிடக்கும், இருட்டினதும் வெளியே வந்து, வாளி சிந்தின ஈரத்தில் பின்னங்கால்களை அகட்டி, அடிவயிற்றைத் தரையோடு அப்பிக்கொண்டு உட்காரும். பூச்சிக்காகக் காத்திருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

தேரைகள் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. பின்னங்கால்களுக்கு நடுவே அடிவயிற்றில் ஒரு திட்டு இருக்கிறது, தோல் மெல்லிசு, உள்ளே ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடும், அதுதான் அதற்கு வாய். உடம்பு காயத் தொடங்கினால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும். அதைக் கவனிக்கிற மூளை, தனக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோடோசின் என்ற ஹார்மோனை விடுகிறது. நம் உடம்பில் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரஸினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இரண்டிலும் 9 அமினோ அமிலங்கள், வித்தியாசம் ஒன்றே ஒன்றில்தான். அந்தத் திட்டின் செல்களுக்குள் அக்வாபோரின் என்ற புரதங்கள் மடித்து வைத்தாற்போல் காத்திருக்கும், வாசோடோசின் வந்ததும் அவை வெளிச்சவ்வுக்கு நகர்ந்து தண்ணீருக்கு வழி விடும். பம்பு எதுவும் வேண்டாம், ரத்தத்தில் உப்பு கூடுதலாக இருப்பதால் தரையிலுள்ள நீர் தானாகவே உள்ளே போகும். இதெல்லாம் புதுக் கதையும் இல்லை. பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு நீரில் விட்ட தவளைகள் எடை கூடுவதை 1921-லேயே புரூன் என்பவர் எழுதிவிட்டார்.

எனக்குப் பிடித்தது சிறுநீர்ப்பை விஷயம். நமக்கு அது வெறும் குடம், நிரம்பினால் கொட்ட வேண்டியதுதான். தேரைக்கோ மொட்டைமாடித் தொட்டி! மழைக்காலத்தில் உப்புக் குறைந்த சிறுநீரை நிறையச் சேர்த்து வைத்துக்கொள்ளும், சில இனங்களில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும்கூட. வறட்சி வந்தால் அதே வாசோடோசின் பையின் சுவரையும் திறந்துவிடும், தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும். அந்தச் சிறுநீரில் மிச்சமிருக்கும் உப்பை மீட்டுக்கொடுப்பது ஆல்டோஸ்டிரோன், அது வேறு ஹார்மோன். இப்படி எளிதாகத் திறந்து மூடும் சுவர் என்பதாலேயே நம் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடங்களில் பல வருடம் தேரையின் பையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சித்திரை வெயிலில் ஒருநாள், மிதிபடப் போகிறதே என்று அதைக் கையில் தூக்கினேன். சர்ரென்று முழங்கை வரை நனைத்துவிட்டது. "சொறி வரும், கையைக் கழுவுடா" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம். கையில் வழிந்ததை முகர்ந்துகூடப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கோடைக்கென்று அது சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாகக் கொட்ட வைத்துவிட்டேன் என்று உறைத்ததும், ஒரு சொம்பு தண்ணீரைக் கல்லடியில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, நகர்ந்து வந்து காலை அகட்டி உட்கார்ந்தது.