பக்கம் ஒன்றின் சுருதி

கடந்த மார்கழியில் நம் ஃபிசிக்ஸ் சார் காலமானார். வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்த வாரமே பழைய மாணவர் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள். பள்ளியைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றார்கள். சாரை விட்டுவிட்டு வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் ஓம் விதி படித்தவர்கள் நம்மில் நூற்றுக்கணக்கில் இருப்பீர்கள். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிலர்தான். அந்தக் கதை எழுத்தில் இருக்க வேண்டும்.

1981இல் நாங்கள் பிளஸ் டூ. சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் சார் சென்னை சென்ட்ரல் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். எங்களில் யாருக்கு ஆர்வமோ அவர்கள் கூடவே போகலாம். பெரம்பூரிலும் ராயபுரத்திலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். கட்டிலும் பீரோவும் வேறெங்கோ போகும். எல்லிங்டன், பிரூபெக் என்ற ஜாஸ் கலைஞர்களும் பீட்டில்ஸ் ராக் குழுவும் தட்டுகளாக மூர் மார்க்கெட்டின் பழைய தட்டுக் கடைகளுக்கு வந்து சேர்வார்கள். பல உறைகளின் பின்பக்கத்தில் யாருடைய பெயராவது அழகான கையெழுத்தில் இருக்கும்.

சார் தட்டு வாங்கும் விதத்தை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உறையிலிருந்து எடுக்கும்போது விரல் பள்ளங்களில் படாது. விளிம்பு உள்ளங்கையிலும் நடு லேபிள் விரல்நுனியிலும் இருக்கும். முதலில் கண் மட்டத்துக்குத் தூக்கி, வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் வெளிச்சத்தில் மெல்லச் சாய்ப்பார். கறுப்பு பளபளவென்று இருந்தால் நல்லது. சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் தேய்ந்த ஊசியில் ஓடி ஓடிப் பள்ளம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கடைசியாக நடுத் துளையைச் சுற்றிப் பார்ப்பார். லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் அது பலமுறை ஓடிய தட்டு. இதற்குப் பிறகுதான் விலை பேசுவார். நான் இன்றும் டொராண்டோவில் பழைய தட்டு வாங்கும்போது இதே வரிசையில்தான் பார்க்கிறேன்.

அவர் கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவர். அதனால் ஜாஸை எங்களுக்கு நம் கணக்கிலேயே சொல்லிக் கொடுத்தார். பிரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஓடும்போது மேசையில் தாளம் தட்டுவார். "அஞ்சுதான்டா, ஆனா நம்ம கண்ட சாப்பு இல்ல. நம்மளது தக தகிட. இவங்க தகிட தகன்னு போறாங்க. மூணு முதல்ல, ரெண்டு அப்புறம்." பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'மணி' பாட்டின் தாளம் ஏழு என்று எண்ணவைத்தார். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் சக்தி குழுவின் தட்டு வந்தபோது, விக்கு விநாயக்ராம் கடத்தில் வாசித்த இடங்களுக்காக மட்டும் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்தார். ராக் பைத்தியங்களான எங்களுக்கு அங்கிருந்துதான் ஜாஸுக்கு வழி கிடைத்தது.

இனி ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1959இல் வந்த ஆல்பம். சாரிடம் இருந்தது கொலம்பியாவின் பழைய அமெரிக்கப் பதிப்பு. அதுவும் மூர் மார்க்கெட்டில் கிடைத்ததுதான். அதில் 'ஸோ வாட்' என்ற முதல் உருப்படியை அவர் விளக்கியது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. இரண்டு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வரங்கள், பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று. அதையே இரண்டரைக் கட்டைக்குத் தூக்கி எட்டு பார். மறுபடி இரண்டு கட்டைக்கு இறங்கி எட்டு பார். "ராகம் மாறல, ஆதார சுருதியே மாறுது. நம்ம கச்சேரியில தம்புராவை நிறுத்தாம இதைச் செய்ய முடியுமா, யோசிங்க."

விம்மல்கள் பாடம் (சுருதி சற்றே விலகிய இரண்டு ஒலிகள் சேரும்போது எழும் ஏற்ற இறக்கம்) நடந்த வாரம், பிரேயர் ஹாலில் இருந்த ஆர்மோனியத்தை லேபுக்குக் கொண்டுவரச் சொன்னார். அவருடைய ரெக்கார்டு பிளேயரும் வந்தது. முந்தைய நாள் வீட்டுப்பாடமாக எங்களை ஒரு அட்டை செய்யச் சொல்லியிருந்தார். வட்டமாக வெட்டி, பாகைமானி வைத்து இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு, மொத்தம் 180 கோடுகள். டியூப்லைட் விநாடிக்கு நூறு முறை மினுக்கும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றினால் அந்தக் கோடுகள் நகராமல் நிற்பதுபோல் தெரியும். ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். கோடுகள் அசையாமல் நின்றன. பிளேயரின் வேகம் சரி. வகுப்பே கைதட்டியது.

அப்புறம் 'ஸோ வாட்' போட்டார். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டையை அழுத்திப் பிடித்தார். சேரவில்லை. வங்வங்கென்று விம்மல் கேட்டது. தட்டின் சுருதி இரண்டு கட்டையைத் தாண்டி நின்றது, இரண்டரையை எட்டவும் இல்லை. தட்டைத் திருப்பிப் போட்டார். 'ஆல் புளூஸ்'. ஐந்து கட்டையை அழுத்தினார். அந்த விம்மல் அடங்கி ஆர்மோனியம் தட்டோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி முதல் பக்கம், மறுபடி இரண்டாம் பக்கம். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

"ஆர்மோனியம் பொய் சொன்னாலும் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லணும். கரண்ட்டுல ஏத்த இறக்கம் இருந்தாலும் ரெண்டும் சேர்ந்துதான் ஏறி இறங்கணும். பியானோவை யாரும் கால் ஸ்வரம் தூக்கி வச்சுக்க மாட்டாங்க. அப்ப தப்பு எங்க இருக்கு?" எங்களிடமிருந்து பதில் வரும்வரை காத்திருந்தார். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான், "பதிவு பண்ண மெஷின் மெதுவா ஓடியிருக்கு சார். அதைச் சரியான வேகத்துல ஓட்டினதால சுருதி ஏறிடுச்சு." சார் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கைகொடுத்தார்.

மறுநாள் காலை பிரேயரில், மொத்தப் பள்ளியும் நிற்கும்போது, மேலதிகாரி ஒருவர் சாரை மேடைக்கு முன்னால் அழைத்தார். பிரார்த்தனைக்கான ஆர்மோனியத்தை கிளப் டான்ஸ் பாட்டுக்கு எடுத்துப்போனதாகவும், பிள்ளைகளைக் கெடுப்பதாகவும் ஒலிபெருக்கியில் சொன்னார். அன்றைய சினிமாவில் சாக்ஸபோன் கேட்டாலே திரையில் காபரே வரும். அந்த இசை பலருக்கு அவ்வளவுதான் தெரியும். சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வரிசைக்குத் திரும்பினார். அன்று முதல் பீரியடில் எங்கள் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்தினார், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு இன்று நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. அவ்வளவு நல்ல பாடத்துக்கு அந்த மரியாதைதான் கிடைத்தது.

அதற்குப் பின் தட்டுகள் பள்ளிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பார்க் ஸ்டேஷனில் ரயிலேறி சைதாப்பேட்டைக்கு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் வீட்டு அம்மா காபி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். சாரோடு போய்ப் பார்த்தேன். கடைக்காரர்களில் தெரிந்த முகங்களாகத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் குடும்பத்தை விசாரித்தார். தட்டுகளைப் பற்றி யாரிடமும் அவர் கேட்கவில்லை.

நான் கனடாவுக்கு வந்தபின் கடிதப் போக்குவரத்து இருந்தது. 1997இல் யங் ஸ்ட்ரீட்டில் ஒரு இசைக்கடையில் 'கைண்ட் ஆஃப் புளூ'வின் புதிய சிடியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தின் வேகத்தைத் திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவில், மூல டேப் ஓடிய இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. அன்று பதிவான மூன்று உருப்படிகளும்தான் முதல் பக்கம். ஏப்ரல் 22ஆம் தேதி பதிவில் அந்தக் கோளாறு இல்லை. அதுதான் இரண்டாம் பக்கம். 1992இல்தான் முதல்முறையாகத் திருத்தியிருக்கிறார்கள். எங்கள் லேபில் பதினோரு வருடம் முன்பே, பள்ளிக்கூட ஆர்மோனியத்தையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் வைத்துச் சார் அதைக் கண்டுபிடித்திருந்தார். கடையில் நின்றபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிடியோடு நீண்ட கடிதம் எழுதினேன். பதில் ஒரே பக்கம். சந்தோஷம் என்று ஒரு வரி. பிறகு கேள்வி: சரியான வேகத்தில் கேட்கும்போது மைல்ஸின் ஊதலில் கனம் கூடியிருக்கிறதா? சுருதி இறங்கினால் கூட வேண்டுமே. தன்னிடம் சிடி பிளேயர் இல்லை, நீ வரும்போது கொண்டு வா, தட்டையும் சிடியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்போம் என்று முடித்திருந்தார்.

சென்னைக்குப் பலமுறை போனேன். அப்பாவின் ஆபரேஷன், தங்கையின் கல்யாணம், வீட்டுப் பத்திரம். சாரைப் பார்க்காமல் திரும்பியதில்லை. ஆனால் ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்குமளவு எந்த முறையும் நேரம் அமையவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் புகுந்தது. உறைகள் கூழாகிவிட்டன. தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேபிள் உரிந்தவற்றை, ஓடி முடியும் இடத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்தும், போட்டுக் கேட்டும் அடையாளம் கண்டு, காகித உறையில் பென்சிலால் பெயர் எழுதினார். ஊரிலேயே இருந்துவிட்ட நம் வகுப்பு நண்பர்கள் இருவர் ஞாயிறுதோறும் போய் அவருக்குக் கூடமாட இருந்தார்கள். அந்தச் சிடியை அவர்கள்தான் பிளேயர் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கனம் கூடியிருக்கு" என்றாராம். அவர்கள் இருவரையும் நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இங்கே எனக்கு வீடும் வேலையும் நல்ல ஸ்பீக்கர்களும் கிடைத்தன. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

தட்டுகளை என்ன செய்வது என்று சாரின் மகள் கேட்கிறார். விற்க வேண்டாம், பள்ளிக்கே கொடுங்கள், ஃபிசிக்ஸ் லேபில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல டர்ன்டேபிள் ஒன்றை நான் அனுப்புகிறேன். ஆர்மோனியம் இன்னும் பிரேயர் ஹாலில் இருக்கிறதாம்.