ஆடு இறங்கும் தடம்

காரைக்குடியில் இருந்துகொண்டு மலை சைக்கிள் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. பக்கத்தில் குன்றக்குடி இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் பிரான்மலை. ஆனால் நான் சொல்ல வந்தது திருமயம் பக்கம் தைலமரக் காட்டுக்குள், ஒரு செம்புராங்கல் மேட்டிலிருந்து கண்மாய்க்கரை வரை இறங்குகிற ஒற்றையடிப் பாதையைப் பற்றி. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, மொத்த இறக்கம் 30 மீட்டர் இருந்தால் அதிகம்.

ஐஎம்பிஏ என்ற சர்வதேச மலை சைக்கிள் அமைப்பின் குறியீட்டில் நீலச் சதுரம் போட்டால் நடுத்தரத் தடம். சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள், அதிகபட்சச் சரிவு 15 சதவீதமோ அதற்கு மேலோ போகலாம், விலக முடியாத தடைகள் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் பாதையின் சராசரி 3 சதவீதம்தான் வரும், ஆனாலும் இதற்கு நான் நீலச் சதுரம்தான் போடுவேன். காரணம் சரளை. செம்புராங்கல் உதிர்ந்து மணி மணியாகக் கிடக்கும், அதன் மேல் காய்ந்த தைல இலை மூடியிருக்கும், டயருக்குக் கீழே எல்லாம் உருளும்.

நடுவில் ஐம்பதடி தூரம் மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட இடம். அது முடிகிற இடத்திலேயே இடது பக்கம் ஒரு வளைவு. போன மாசியில் அங்கேதான் விழுந்தேன். வேகம் கூடிவிட்டது என்று பயந்து வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கைப் பிடித்தேன், முன் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராக வழுக்கியது. டயருக்கு இருக்கிற பிடிப்பு கொஞ்சம்தான், அதை நிற்பதற்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. முழங்கை தேய்ந்து உட்கார்ந்திருந்தபோது ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து தூக்கிவிட்டார்.

"தண்ணி போன தடத்துல ஏன் தம்பி வர்றீக? ஆடு இறங்குற தடத்துல வாங்க."

அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் ஓடிய பள்ளம் வழவழப்பாகத் தெரியும், கண் தானாக அங்கேதான் போகும், ஆனால் சரளை முழுக்க அங்கேதான் வந்து சேர்கிறது, சக்கரம் உள்ளே இறங்கினால் வெளியே வரவும் முடியாது. ஆடுகள் வலது ஓரத்து மேட்டில், வேர் பிடித்து இறுகிய மண்ணில், குறுக்காக இறங்கியிருந்தன. கரடுமுரடான வழிதான், ஆனால் கெட்டி மண்.

அதற்குப் பிறகு இறங்குகிற முறையே மாறியது. பள்ளம் தொடங்கும் முன்பே, மண் கெட்டியாக இருக்கிற இடத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். அப்புறம் சீட்டை விட்டு எழுந்து, பெடல் இரண்டும் சமமாக, குதிகாலைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, பிரேக்கில் ஒரு விரல் மட்டும். வேர் வந்தால் சைக்கிள் குதிக்கட்டும், உடம்பு அப்படியே இருக்கும். கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தில் நிற்கிற மரத்தில் இருக்க வேண்டும். இது கைவர எனக்கு மூன்று மாதம் ஆனது. முதல் தடவை பிரேக் தொடாமல் அந்த வளைவைத் தாண்டிக் கண்மாய்க்கரைக்கு வந்து நின்றபோது கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று சொல்ல மறந்தேன், சீமைக்கருவேல முள். கரையோரம் முழுக்க அதுதான், டியூப்லெஸ் டயரில் சீலண்ட், அதாவது ஓட்டையை அடைக்கிற திரவம், ஊற்றாமல் இங்கே வராதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் ஒவ்வொரு வருடமும் இடம் மாறும். இந்த வருடம் வலது ஓரத்து மேட்டையும் தண்ணீர் தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மேலேயே சாத்திவிட்டு நடந்து இறங்கினேன். ஆடுகளின் புதுக் குளம்புத் தடங்கள் இப்போது இடது பக்கம் போகின்றன.