ஸ்பீக்கர் டெர்மினலில் ஒயர் பற்றவைப்பு: ஒரு ஸ்பீக்கரைப் பலிகொடுத்தபின் சரிவந்த முறை

8 இன்ச், 8 ஓம் ஸ்பீக்கர். ஒயர் மாற்றி இரண்டே வாரத்தில் ஊமையாகிவிட்டது. காரணம் 25 வாட் சால்டரிங் அயர்ன். சின்ன அயர்ன்தான் பாதுகாப்பு என்று பலரும் சொல்வார்கள். இந்த வேலைக்கு அது தப்பு. டெர்மினல் தகடு அகலமானது, சூட்டை உறிஞ்சிவிடும். சின்ன முனை தொட்டதுமே ஆறிப்போவதால், ஈயம் உருக 15, 20 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டிவரும். அதற்குள் அதே தகட்டில் கோனுக்கு (ஒலி எழுப்ப அசையும் காகிதக் கூம்புக்கு) போகும் பின்னல் கம்பியின் பற்றும் இளகிவிடும். கழன்று வந்தால்கூடத் திரும்ப வைக்கலாம். ஈயம் பின்னலுக்குள் ஏறிவிட்டால் தீர்ந்தது: நூல்போலத் துவள வேண்டிய கம்பி குச்சியாக விறைத்து, கோன் அசைய அசைய ஒடிந்துவிடும். இங்கே நடந்ததும் அதுதான்.

அடுத்த ஸ்பீக்கருக்கு 60 வாட், தட்டை முனை, 350 டிகிரி. மூன்றே விநாடியில் முடிந்தது. பின்னல் கம்பிக்கும் ஒயர் வைக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு குரோக்கடைல் கிளிப் மாட்டுங்கள். சூட்டில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

அடுத்த தொல்லை ஒயர். மலிவாகக் கிடைத்த ஸ்பீக்கர் ஒயரில் ஈயம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை! செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. கடையிலேயே ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். தகர வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்காகப் பூசும் அமிலப் பசை) வேண்டவே வேண்டாம். அன்றைக்குப் பளிச்சென்று பிடிக்கும், பிறகு அரித்துவிடும். உள்ளே ரோசின் (மரப்பிசின் ஃப்ளக்ஸ்) உள்ள 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) ஈயக்கம்பி போதும், 190 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஸ்பீக்கரின் காந்தத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அயர்ன் முனையில் இரும்புப் பூச்சு உண்டு. காந்தத்தின் அருகே போனால் கை எதிர்பாராமல் இழுபடும். கோனுக்கும் டெர்மினலுக்கும் நடுவே அட்டை சொருகாமல் தொடங்காதீர்கள். ஒரு சொட்டு விழுந்தால் காகிதம் கருகிவிடும்.

மற்றதெல்லாம் தெரிந்ததே: ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றுவது (நுனிகள் உரசினால் அவுட்புட் ஐசி போய்விடும்), ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) முன்பே கோர்ப்பது, ஒயருக்கும் தகட்டுக்கும் தனித்தனியாக ஈயம் பூசுவது, துளையில் கொக்கியாக வளைத்துப் பற்றவைப்பது. ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது ஈயம்.

மல்டிமீட்டர் 6.6 ஓம் காட்டியது. 8 ஓம் என்பது ஏசிக்கான கணக்கு, மீட்டர் காட்டுவது டிசி தடை; 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதுதான் சரி, பதற வேண்டாம். 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டதும் கோன் 'டப்' என்று முன்னால் தள்ளியது. உள்ளே இழுத்தால் ஒயர் மாறியிருக்கிறது; ஜோடியில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால் பேஸ் பாதி காணாமல் போகும்.