விலாசம் கேட்கிறார்கள்

2024 மே 9
காப்பகத்தில் கட்டில் கிடைத்துவிட்டது. தூக்கம்தான் வரவில்லை. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வாசலில் படுக்கும் காலத்தில் செருப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் விடிவதற்குள் காணாமல் போகும். நேற்றிரவும் கை தானாகச் செருப்பைத் தலையணைக்கடியில் தள்ளியது. பக்கத்துக் கட்டில் ஐயா பார்த்துச் சிரித்தார். அவருடையதும் அங்கேதான்.

மே 14
எதற்குப் போனாலும் அடையாள அட்டை கேட்கிறார்கள். என்னுடையது ரோட்டிலேயே போய்விட்டது. புதிது எடுக்க கிராம சேவகர், அதாவது ஜி.எஸ்., உறுதிப்படுத்த வேண்டும், அதற்கு அவருடைய பிரிவில் நான் குடியிருக்க வேண்டும். "வாக்காளர் இடாப்பில பேர் இருக்கா?" என்றார். கடை வாசலில் படுத்தவனை எந்த வீட்டு இலக்கத்தில் பதிவார்கள்? வீடு வாசல் இல்லாமல் திரிபவனைப் பிடிக்க 1841இலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். பிடிக்கிறதுக்கு மட்டும் விலாசம் வேண்டாம்!

காப்பகத்தை நடத்தும் சிஸ்டர் விடவில்லை. நான் காப்பகத்தில் தங்கியிருப்பதாகக் கடிதம் எழுதி, கூடவே வந்தார். ஜி.எஸ். இரண்டு தரம் வாசித்துவிட்டு சீல் குத்தினார்.

மே 23
வெசாக், புத்தர் பண்டிகை. தன்சல் என்று இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். எந்தச் சந்தியில் சோற்றுத் தன்சல், எங்கே ஐஸ்கிரீம் என்று எனக்கு மனப்பாடம். காப்பகத்துப் பையன்களுக்கு நான்தான் வழிகாட்டி.

ஜூன் 11
170 பஸ்ஸில் பத்தரமுல்லை, அடையாள அட்டை கொடுக்கும் ஆட்பதிவுத் திணைக்களம் இருக்கும் சுஹுருபாய கட்டடம். பொலிஸ் முறைப்பாடு, ஊரிலிருந்து தங்கச்சி அனுப்பிய பிறப்புச் சான்றிதழ், ஜி.எஸ். கடிதம், எல்லாம் சரி. பின்னேரம் அட்டை கையில். படத்தில் அப்பாவைப் போலவே இருக்கிறேன்.

ஜூன் 19
கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடும் வேலை. தகடு பிடித்து வருசக்கணக்காகிறது, தோள் கழன்று போகிற மாதிரி நோகிறது. ஆனால் தாளம் மறக்கவில்லை. முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கான ஈ.பி.எஃப். படிவம் நீட்டினார்: என் சம்பளத்தில் 8 வீதம், அவர் பங்கு 12. முன்பு வேலை செய்த இடங்களில் இந்தப் பேச்சே எடுக்கமாட்டார்கள். விலாசம் என்ற இடத்தில் காப்பகத்தைப் போட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 30
ஜம்பட்டா தெருவில் ஒரு போடிங் அறை பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது, பாத்ரூம் பொது. அட்வான்ஸ்தான் இடிக்கிறது. அதுவரை சம்பளத்தில் பாதியைத் தன்னிடம் தந்துவைக்கச் சொல்கிறார் சிஸ்டர். கையில் இருந்தால் கரைத்துவிடுவேனாம். சரிதான்.